பத்து வருஷம் உள்ளே போடணும் என்கிறார் நண்பர்

கீழக்கரையில் செல்போன் கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு, நாட்டின் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: புதுச் சட்டம். அவருடைய ஊரையும் மதத்தையும் திட்டி வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆடியோக்களை எனக்கு அனுப்புவார். கேட்டால் காது கூசும். கீழேயே ஒரு வரி வரும்: "இவனுங்களை எல்லாம் பத்து வருஷம் உள்ள போடுற மாதிரி ஒரு சட்டம் வரணும்ண்ணே."

அவருடைய கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெறுப்பு பேசுகிறவனுக்குப் பேச்சுரிமை வாங்கிக் கொடுக்கிற வேலையும் எனக்கு இல்லை. என் கவலை வேறு. அவர் கேட்கிற சட்டம் வந்தால் அதில் முதலில் மாட்டுகிறவர்களில் அவரும் இருப்பார், பாம்பனில் இருக்கும் என் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். ஆடியோ பேசியவன் இருப்பானா என்பது சந்தேகம்தான்.

அவருக்கு முதலில் சொன்னது லாகூர்க் கதை. 1920-களில் அங்கே நபிகளை இழிவுபடுத்தி ஒரு பிரசுரம் வெளியானது. வெளியிட்ட ராஜ்பால் மீது 153ஏ பிரிவில் வழக்கு. 1927-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இரு சமூகங்களுக்கு இடையே பகையை மூட்டுவதுதான் அந்தப் பிரிவின்படி குற்றம், மறைந்துபோன ஒரு மதத் தலைவரை இகழ்வது அதற்குள் வராது என்பது தீர்ப்பு. முஸ்லிம்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பைத் தணிக்க அதே வருஷம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ சேர்க்கப்பட்டது: வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தினால் சிறை. அந்த மசோதாவை ஆராய்ந்த குழுவில் ஜின்னாவும் இருந்தார். வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கும் ஒரு மதத்தை நேர்மையாக விமர்சிக்கிறவர்களுக்கும் இதனால் ஆபத்து வந்துவிடக் கூடாது என்று அவர் அன்றே சட்டசபையில் சொன்னார்.

95 வருஷம் கழித்து, 2022 ஜூனில், பொய்ச் செய்திகளை அம்பலப்படுத்தும் ஆல்ட் நியூஸ் தளத்தின் முகமது ஜுபைரை டெல்லி போலீஸ் கைது செய்தது. 2018-ல் அவர் போட்ட ஒரு ட்வீட்டுக்காக. அதில் இருந்தது பழைய இந்திப் படம் ஒன்றின் காட்சி. புகார் கொடுத்தது பெயர் தெரியாத ஒரு ட்விட்டர் கணக்கு. வழக்குப் பிரிவுகளில் இருந்தது எது? அதே 295ஏ. உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும் வரை மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். முஸ்லிம்களின் மனம் புண்பட்டதற்காக வந்த பிரிவு, முஸ்லிம் ஒருவரைத் தேடி வந்த கதை இது. பாகிஸ்தானிலோ அந்த 295ஏ-வுக்குப் பின்னால் ராணுவ ஆட்சியாளர் ஜியா-உல்-ஹக் காலத்தில் 295பி, 295சி என்று வால் முளைத்து, கிறிஸ்தவர்களும் அகமதியாக்களும் அதில் சிக்கித் தவிக்கிறார்கள்.

"அது டெல்லிண்ணே, பாகிஸ்தான்ண்ணே" என்றார் நண்பர். சரி, கிட்டத்திலேயே பார்ப்போம்.

தனுஷ்கோடி முனையில் நின்றால் போனில் இலங்கை நெட்வொர்க் எட்டிப் பார்க்கும். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பேச்சுக்குக் கடிவாளம் போடும் சட்டங்கள் யார் மேல் பாயும் என்று தெரிந்துகொள்ள லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போகவே வேண்டாம், நம் எதிர்க்கரையே போதும்.

அங்கே 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து பிறகு நிரந்தரமாக்கினார்கள். ஆயுதம், குண்டு பற்றித்தான் அந்தச் சட்டம் பேசும் என்று நினைப்போம். ஆனால் இன, மத ஒற்றுமையைக் குலைக்கும் வகையில் எழுதுவதும் பேசுவதும் அதில் குற்றம். கேட்பதற்கு நல்ல விஷயம்தான். கொத்துக் கொத்தாகத் தமிழர்கள் கொல்லப்பட்ட 1983 ஜூலையைப் பார்த்த நாட்டில் இனவெறியைத் தூண்டுகிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் அந்த வாசகத்தை வைத்து 2009-ல் 20 வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டவர் ஜே. எஸ். திசைநாயகம். கிழக்கில் தமிழ் மக்கள் படும் பாட்டை எழுதிய தமிழ்ப் பத்திரிகையாளர். இன ஒற்றுமையைக் குலைத்தாராம்! பிறகு உலக நாடுகளின் கண்டனத்துக்கு நடுவே மன்னிப்பு வழங்கி விடுவித்தார்கள்.

அடுத்தது 2007-ல் வந்த சட்டம். இதன் பெயரைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்: குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைச் சட்டம். இன, மத வெறுப்பைத் தூண்டுவது அதன் மூன்றாவது பிரிவில் குற்றம். தண்டனை எவ்வளவு தெரியுமா என்று நண்பரிடம் கேட்டேன். பத்து வருஷம் வரை. அவர் கேட்கிற அதே பத்து. ஜாமீனும் கீழ் நீதிமன்றத்தில் கிடைக்காது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

2018-ல் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஃபேஸ்புக்கில் பரவிய வெறுப்பு அதில் எவ்வளவு எண்ணெய் ஊற்றியது என்பது அந்த நிறுவனமே பிறகு மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வெளியே வந்தது. அடுத்த வருஷம் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள், அதன் பிறகு மறுபடியும் முஸ்லிம்கள் மீது தாக்குதல். இந்தச் சட்டத்துக்கு வேலை வந்தது என்றால் அப்போதுதான். அந்த நேரத்தில் அது செய்த வேலைகளில் ஒன்று, 2019 மே மாதம் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தது. அவர் போட்டிருந்த உடையில் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் அச்சடித்திருந்ததாம். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். எங்கள் மண்டபம் ஊரில் ஒரு ஆறு வயதுப் பிள்ளையிடம் காட்டியிருந்தால் சொல்லியிருக்கும்.

2020-ல் ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரசு அலுவலர், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பை எதிர்த்துப் பேனாவாலும் கீபோர்டாலும் கருத்துப் போர் நடத்த வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். அதற்கு 'ஜிஹாத்' என்ற சொல்லைப் போட்டுவிட்டார். ஐந்து மாதம் போல ரிமாண்டில் இருந்தார். பெரும்பான்மையினரும் தப்பவில்லை. சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதை பிக்குமார்களைப் புண்படுத்தியதாகப் புகார் போக, அவரும் இதே சட்டத்தில் நான்கு மாதம் போல உள்ளே இருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காகக் கைதானது 2020-ல், பழைய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில். தமிழ்ப் போராளிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம், இயக்கமே இல்லாமல் போன பதினோராம் வருஷத்தில் தமிழில் கவிதை எழுதும் ஒரு முஸ்லிம் வாத்தியாரைப் பிடித்தது. அவருடைய கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை. 2023-ல்தான் வழக்கிலிருந்து விடுதலை ஆனார்.

இவ்வளவுக்கும் பிறகு 2024-ல் அங்கே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்று வந்திருக்கிறது. இணையத்தில் பெண்களையும் குழந்தைகளையும் காப்பாற்ற என்றார்கள். எது பொய், எது தடை செய்யப்பட்ட கூற்று என்று சொல்லும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம். அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி.

மண்டபம் முகாமில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் நாம் விளக்க வேண்டியதில்லை. 2021-லிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர், ஊர்க்காரர்களுக்கு இன்னும் அகதி முகாம்தான். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய ஸ்டேட்டஸில் பூவும் பிள்ளையாரும் தவிர எதுவும் வராது. புலிகளின் மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதம் வந்தால் பூவும் நின்றுவிடும். எந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவர் படித்ததில்லை. பேசினால் யாருக்கு வில்லங்கம் வரும் என்பது மட்டும் தெரியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பலருக்கு நினைவிருக்கும். எரிச்சலூட்டும், தொந்தரவு தரும் செய்தியை அனுப்பினால் மூன்று வருஷம் வரை சிறை. எரிச்சல் என்றால் யாருக்கு எரிச்சல்? 2012-ல் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் கடையடைக்க வேண்டும் என்று பால்கரில் ஒரு பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார், தோழி லைக் போட்டார், இருவரும் கைது. அதற்கு முந்தைய மாதம்தான் புதுச்சேரியில் ஒரு வியாபாரி, அப்போதைய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டு விடியற்காலையில் கைதாகியிருந்தார். 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறிந்தது. அப்புறமும் ஸ்டேஷன்களில் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-ல் இதைக் கேட்டு நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். செத்த சட்டமே இந்தப் பாடு படுத்தினால் உயிரோடு இருப்பது என்ன செய்யாது?

தமிழ்நாட்டில் இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி இன்னும் சுவாரசியமானது. 1982-ன் குண்டர் சட்டம் சாராயம் காய்ச்சுகிறவர்கள், ரவுடிகள், குடிசை நிலத்தைப் பறிக்கிறவர்கள் மாதிரி ஆட்களுக்காக வந்தது. விசாரணையில்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். 2004-ல் திருட்டு வி.சி.டி.காரர்களைச் சேர்த்தார்கள். 2014-ல் சைபர் குற்றவாளிகளைச் சேர்த்தார்கள். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ரவுடிக்காக யார் பேசுவார்? 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த சேலத்து இதழியல் மாணவி வளர்மதி மீது அதே சட்டம் பாய்ந்தது. 2024-ல், வேறு ஆட்சியில், யூடியூபர் சவுக்கு சங்கர் மீது பாய்ந்தது. இரண்டையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த இருவரின் பேச்சையும் ஒரே ஆள் ரசிப்பது கஷ்டம், ஆனால் சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கார்ட்டூனிஸ்ட் பாலா 2017-ல் கைதானது எந்தப் பிரிவில் என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கந்துவட்டிக் கொடுமையில் ஒரு குடும்பமே நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் தீக்குளித்ததற்காக முதல்வரையும் அதிகாரிகளையும் சாடி வரைந்தார். போட்ட பிரிவுகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, இணையத்தில் ஆபாசம் பரப்புவதற்கானது. சிரிப்பு என்றதும் இன்னொன்று. வாடிப்பட்டியில் ஒருவர் சிறுமலைக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போன படங்களைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம் என்று கிண்டலாக எழுதினார். அவர் இடதுசாரிக் கட்சிக்காரர். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்ததாக வழக்கு! 2021 டிசம்பரில் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. நாட்டில் சிரிப்பதும் ஒரு கடமை என்று சேர்க்கலாம் போலிருக்கிறது என்கிற தொனியில் தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன்.

கோர்ட்தான் விடுவித்துவிடுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். விடுவிக்கிறது. அதற்குள் போன் பறிமுதல் ஆகியிருக்கும். கண்டிஷன் பெயிலில் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. கடலுக்குப் போகிறவன் காலை பத்து மணிக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவான்? விசைப்படகு டோக்கன் வாங்கிப் போனால் கரைக்குத் திரும்புவது மறுநாள். வழக்கை ரத்து செய்ய மதுரைக்கு நடக்க வேண்டும், வக்கீல் ஃபீஸுக்குப் படகு முதலாளியான சம்மாட்டியிடம் கடன் சொல்ல வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே தண்டனை முடிந்துவிடும்.

எங்கள் கரையில் யார் மாட்டுவார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தகவல் வந்த ராத்திரி தங்கச்சிமடத்துப் பெண்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டிருக்கிறீர்களா? நேவிக்காரனை மட்டும் திட்ட மாட்டார்கள். அந்த நாட்டையே மண்ணை வாரித் தூற்றுவார்கள், நம் அரசாங்கத்துக்கும் சேர்த்து விழும். ஒப்பாரியில் அளந்தா பேச முடியும்? எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணத்துக்காரரும் மன்னார்க்காரரும் எங்களை இந்தியக் கள்ளர் என்று எழுதுகிறார்கள். அவர்கள் கடலடியை நம் இழுவைப்படகுகள் வழித்துக்கொண்டு போவதும் உண்மைதான், 2017-ல் அங்கே இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் தமிழ், இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு, இரண்டு பக்கமும் கெட்ட வார்த்தை. சமூகங்களுக்கு இடையே வெறுப்பு என்று ஒரு பிரிவைக் கடுமையாக்கினால் இதெல்லாம் அச்சுப்பிசகாமல் அதற்குள் வரும். சொந்த நம்பரில், சொந்தக் குரலில், ஊர்ப் பெயரோடு பேசுகிறவர்கள் இவர்கள். கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். நண்பர் அனுப்பும் ஆடியோவைப் பேசியவன் எந்த ஊரில் எந்த சிம்மில் இருக்கிறானோ.

கடல் அட்டைக் கதைதான் இது. 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டையைச் சேர்த்தார்கள், அழிந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அதில் கொழுத்தவன் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தவன், வழக்கில் நிற்பது கரையில் நனைந்த லுங்கியோடு பிடிபட்டவன்.

இப்போது அந்தப் பத்து வருஷத்துக்கு வருகிறேன். இங்கேதான் நண்பர் கொஞ்சம் யோசித்தார். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கட்டுப்பாடு வைத்தது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, தேவை இருக்கிறதா என்று எழுதிவைத்துக் காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த இன்றைய நியாய சன்ஹிதாவில் 153ஏ-வுக்குப் பதிலாக இருக்கும் 196-வது பிரிவுக்குப் பொதுவாக மூன்று வருஷம்தான், அதனால் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. தண்டனையைப் பத்து வருஷமாக்கினால் கெட்டவனுக்குப் பத்து வருஷம் கிடைக்குமா என்பது தெரியாது, இந்த வேலி மட்டும் நிச்சயமாக உடையும். 2025-ல் காங்கிரஸ் எம்.பி.யும் உருதுக் கவிஞருமான இம்ரான் பிரதாப்கடி மீது சமூக வலைத்தளத்தில் போட்ட கவிதைக்காகக் குஜராத்தில் 196-ல் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வார்த்தைகளைத் தொட்டதற்கெல்லாம் நடுங்குகிறவர்களின் காதால் கேட்கக் கூடாது, திடமான மனசுள்ளவர்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்க வேண்டும் என்றது. ஒரு எம்.பி.க்கே டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

நண்பர் சும்மா விடவில்லை. நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "அப்ப வன்கொடுமைச் சட்டம் மட்டும் எப்படிண்ணே?" நியாயமான இடி. செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30-ல் பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி என்று இரண்டு மாதம் தடையுத்தரவில் கழிகிற மாவட்டம் இது. அந்த நாட்களில் சுற்றும் அரிவாள் ஸ்டேட்டஸ்களைப் பார்த்தவன் எந்தச் சட்டமும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். 1989-ன் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு திசை இருக்கிறது. யாரை யார் அவமதித்தால் குற்றம் என்று சொல்லிவிடுகிறது. இரு பிரிவினரிடையே பகை என்று பொதுவாகப் பேசாததால், அதே பிரிவைத் திருப்பித் தலித் ஒருவர் மேல் போட முடியாது. வேறு பிரிவில் எதிர்வழக்குப் போடுவார்கள், அது தனிக்கதை. இந்த மாதிரி முஸ்லிம்களுக்கும் ஒன்று வரட்டுமே என்பது நண்பரின் வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன். சாதி பிறப்புச் சான்றிதழ் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது, பலவீனமான பக்கம் எது என்று சட்டம் ஒரு அட்டவணை போட்டுவிடலாம். மதத்தில் அது ஊருக்கு ஊர் மாறும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆணைக்குழு போட்டுத் தீர்மானிக்கலாம் என்றால், அதில் யாரை உட்கார வைப்பார்கள் என்று எதிர்க்கரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு ஒரு கோடு போட்டது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது, அதை ஆதரித்துப் பேசுவது, தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதுக்கு வந்தால்தான் சட்டம் கை வைக்கலாம் என்றது. இது எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. அண்மையில் வந்த ஒரு ஆடியோவில் தெருப் பெயர் இருந்தது, இரண்டு கடைகளின் பெயர் இருந்தது, எந்தக் கிழமை என்றும் இருந்தது. இதற்குப் புதுச் சட்டம் எதற்கு, இருக்கிற பிரிவிலேயே புகார் கொடுங்கள் என்றேன். மனு எழுதி எனக்கு அனுப்பினார். ஆடியோ எந்த நம்பரிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கடைகளைச் சொல்கிறது என்று எல்லாம் கச்சிதம். கடைசி வரியில் மட்டும், இதனால் எங்கள் மனம் மிகவும் புண்பட்டுள்ளது என்று சேர்த்திருந்தார். அதை எடுத்துவிடுங்கள் தம்பி, அது அவர்களும் எழுதுகிற வரி என்றேன். எடுக்க மாட்டேன், அது உண்மை என்கிறார்.